ஆழம் அறிந்து சொல்லும் கருவி

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. குளத்தங்கரையில் நிற்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் கடலுக்குள் இருபது, முப்பது மீட்டர் இறங்கிச் செல்பவர்களுக்கு ஆழம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தோம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்பனவும் தெரிந்தாக வேண்டும். இவை அனைத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் சிறிய கருவி ஒன்று உண்டு. பார்ப்பதற்குக் கைக்கடிகாரத்தைப் போலவே இருக்கும். அதற்கு டைவ் கம்ப்யூட்டர் என்று பெயர். அக்கருவியைப் பேணும் முறையையும், அதன் பாட்டரியை மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றையும் என் அன்புத் தோழிகளுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"நமக்கும் இந்தக் கருவிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நம் ஊர் தூத்துக்குடி. முத்துக் குளித்தும் சங்கு குளித்தும் பிழைத்த ஊர். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். என் தாத்தாவும் சங்கு குளித்தவர்தான். அவர் இடது காலை இழுத்து இழுத்து நடப்பதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவள் நான். ஏன் அப்படி நடக்கிறார் என்பது இந்த ஆண்டுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

தாத்தாவின் கால்

தாத்தா இளமையில் மூச்சை அடக்கிக் குளித்தவர். பின்னர் படகில் கம்ப்ரசரை வைத்து, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கும் வழக்கம் வந்தது. மூச்சடக்கிக் குளிப்பவர் ஒரே ஒரு மூச்சுக் காற்றுடன் இறங்குகிறார். இரண்டொரு நிமிடங்களில் மேலே வந்துவிடுவார். குழாயில் காற்று வந்துகொண்டே இருந்தால் மணிக்கணக்காகக் கீழேயே இருக்கலாம். நிறையச் சங்கு கிடைக்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

ஒரு நாள் நெடுநேரம் கீழே இருந்துவிட்டு, தாத்தா விறுவிறு என்று மேலே வந்தாராம். படகில் ஏறி உட்கார்ந்த சிறிது நேரத்தில் தோளிலும் முழங்காலிலும் தாங்க முடியாத வலி. கரை சேர்வதற்குள் இடது கால் மரத்துப்போயிற்று. கடற்காற்று அடித்துவிட்டது என்று சொல்லி வீட்டில் எண்ணெய் தடவி, வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார்கள். வலி போயிற்று, கால் பழையபடி திரும்பவில்லை. அவர் கையில் ஆழமும் நேரமும் காட்டும் கருவி எதுவும் அன்று இல்லை.

இதற்குக் காரணம் என்ன?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன். நிலத்தில் இருக்கும்போது அதனால் நமக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ 1 வளிமண்டல அளவு கூடுகிறது. மேற்பரப்பில் 1 என்றால், 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்பது ஹென்றி விதி. ஆகவே கீழே இருக்க இருக்க நைட்ரஜன் நம் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகிறது.

கோலி சோடாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோலியை அழுத்தியதும் 'புஸ்' என்று குமிழிகள் பொங்குகின்றன. அழுத்தம் திடீரென்று குறைந்ததால், கரைந்திருந்த வாயு வெளியே வந்துவிடுகிறது. முக்குளிப்பவர் வேகமாக மேலே வந்தால் அவர் உடலுக்குள்ளும் இதுவே நடக்கிறது. குமிழிகள் மூட்டுகளில் வலியை உண்டாக்கும்; தண்டுவடத்தைத் தாக்கினால் கை கால்கள் செயலிழக்கும்; உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. மெதுவாக மேலே வந்தால் நைட்ரஜன் சிறிது சிறிதாக நுரையீரல் வழியே வெளியேறிவிடும்.

இந்நோயின் காரணத்தை ஃபிரான்சு நாட்டு அறிஞர் பால் பெர்ட் 1878இல் தம் நூலில் விளக்கினார். அதற்கு முன்பே அமெரிக்காவில் புரூக்ளின் பாலம் கட்டியபோது, ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் வேலை செய்த தொழிலாளர்கள் பலர் இதனால் அவதியுற்றனர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872இல் நோயில் விழுந்தார். அவருடைய மனைவி எமிலி ரோப்ளிங் பொறியியல் நுணுக்கங்களைத் தாமே கற்று, கணவருக்கும் வேலைத்தளத்துக்கும் இடையே நின்று பணியை நடத்தினார். 1883இல் பாலம் திறக்கப்பட்டது. பெண்களாகிய நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், ஆடுகளை வைத்துச் சோதனைகள் செய்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மேலே வரவேண்டும் என்று அட்டவணை வெளியிட்டார். நெடுங்காலம் முக்குளிப்போர் இத்தகைய அட்டவணைகளையே நம்பியிருந்தனர். சான்றாக, பி.ஏ.டி.ஐ. என்னும் பன்னாட்டுப் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி முதல் முக்குளிப்பில் 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம். 30 மீட்டரில் 20 நிமிடம்தான்.

அட்டவணையில் ஒரு குறை உண்டு. முக்குளித்த நேரம் முழுதும் மிக அதிகமான ஆழத்திலேயே இருந்ததாக அது கணக்குப் பார்க்கும். உண்மையில் நாம் ஏறியும் இறங்கியும் நீந்துகிறோம் அல்லவா? அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே டைவ் கம்ப்யூட்டர். 1983இல் 'எட்ஜ்', 'டெகோபிரெய்ன்' என்னும் மின்னணுக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. இக்கருவியினுள் அழுத்தத்தை உணரும் உணரியும் கடிகாரமும் இருக்கின்றன. சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தைப் பார்த்து, உடலில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும் என்று அது கணக்கிடுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பியூல்மான் வகுத்த கணக்கு முறை ஒன்று உடலை 16 பகுதிகளாகப் பிரித்துக் கொள்கிறது. விரைவில் நிறையும் பகுதிக்கு அரைக்காலம் 4 நிமிடம். மிக மெதுவாக நிறைவதற்கு 635 நிமிடம். இத்தனை கணக்கையும் நீருக்கடியில் மனத்தால் போட யாரால் முடியும்?

நாள்தோறும் பேணும் முறை

என் தாய்மாமா பவளப்பாறை ஆய்வுக் குழுவினருடன் மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் முக்குளிப்பவர். கருவியைப் பேணுவதைப் பற்றி அவரிடம் கேட்டு அறிந்தவை இவை.

1. கடலிலிருந்து வந்தவுடன் கருவியைச் சுத்தமான நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். உப்பு நீர் காய்ந்துவிட்டால் உப்புப் படிகங்கள் பொத்தான்களின் இடுக்கிலும் உணரியின் துளைகளிலும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பின்னர் பொத்தான் அமுங்காது. ஆழமும் தவறாகக் காட்டலாம்.

2. உணரியின் துளையை ஊசியாலோ குச்சியாலோ குத்தக் கூடாது. பீறிடும் நீரையோ அழுத்தக் காற்றையோ அதன்மேல் பாய்ச்சவும் கூடாது. உணரியின் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

3. மென்மையான துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். பல கருவிகள் ஈரம் பட்டாலே விழித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. ஈரத்தோடு பைக்குள் போட்டால் நாம் தூங்கினாலும் அது தூங்காமல் பாட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.

4. வெயிலில் நிற்கும் படகிலோ காரின் கண்ணாடிக்கு அடியிலோ வைக்கக் கூடாது.

5. பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் முதலியவற்றால் துடைக்கக் கூடாது. கொசு விரட்டும் களிம்புகளில் உள்ள 'டீட்' என்னும் பொருள் பிளாஸ்டிக்கையே கரைக்க வல்லது. களிம்பு தடவிய கையால் கருவியைத் தொடாதிருத்தல் நலம்.

6. கனமான ஈயக் கட்டிகளையும் காற்று உருளையையும் கருவியின்மேல் வைக்கக் கூடாது.

7. ஒருவருடைய கருவியை மற்றொருவர் அதே நாளில் அணியக் கூடாது. அதில் இருப்பது அணிந்தவருடைய உடலின் கணக்கு. அக்காவின் வங்கிப் புத்தகத்தை வைத்துத் தங்கை பணம் எடுக்க முடியுமா?

பாட்டரியை எப்போது மாற்றுவது?

திரையில் பாட்டரி அடையாளம் குறைந்தவுடனேயே மாற்றிவிட வேண்டும். "இன்னும் ஒரு முறை இறங்கிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்பது கூடாது. நீர் குளிர்ச்சியாக இருந்தால் பாட்டரியின் வலு மேலும் குறையும். கரையில் தாக்குப்பிடித்தது கீழே கைவிடலாம்.

அதே சமயம், இரண்டு முக்குளிப்புகளுக்கு இடையே மாற்றவும் கூடாது. பல கருவிகளில் பாட்டரியைக் கழற்றியதும் உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜனின் கணக்கு அழிந்துவிடும். புதிய பாட்டரி போட்டதும், இதுவரை கடலையே பார்க்காதவர் என்று எண்ணிக்கொண்டு அது அதிக நேரம் அனுமதித்துவிடும். ஆகவே கடைசியாகக் குளித்து 24 மணி நேரமாவது கழிந்த பிறகே மாற்ற வேண்டும். கருவியின் கையேடு 48 மணி நேரம் என்று சொன்னால் 48 மணி நேரமே.

வேறொரு முக்கியச் செய்தி: எல்லாக் கருவிகளையும் நாமே திறந்துவிடக் கூடாது. சிலவற்றை உரிய பணிமனையில்தான் திறக்க வேண்டும். சிலவற்றில் பாட்டரியை மாற்றும் வேலையே இல்லை. செல்போனைப் போல மின்னேற்றம் செய்தால் போதும். கையேடு "நீங்களே மாற்றலாம்" என்று அனுமதித்தால் மட்டுமே கை வைக்க வேண்டும்.

பட்டன் செல்லின் பெயரில் உள்ள பொருள்

நாமே மாற்றக்கூடிய கருவிகள் பலவற்றில் இருப்பது 3 வோல்ட் பட்டன் செல். சூன்டோ சூப் என்னும் கருவிக்கு 'சி.ஆர். 2450', கிரெசி லியோனார்டோவுக்கு 'சி.ஆர். 2430'. இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. 'சி' என்பது லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்த வகை. 'ஆர்' என்பது வட்ட வடிவம். முதல் இரண்டு இலக்கங்கள் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டம். கடைசி இரண்டு இலக்கங்கள் பருமன். 50 என்றால் 5.0 மில்லிமீட்டர், 30 என்றால் 3.0 மில்லிமீட்டர். அகலம் ஒன்றாக இருக்கிறதே என்று 2450க்குப் பதில் 2430ஐப் போட்டால், செல் தளர்ந்து நின்று இணைப்பு விட்டுவிட்டு வரும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னாலும் வாங்கக் கூடாது.

ஓ-ரிங் என்னும் ஒரு வளையம்

நம் அம்மாமார்கள் குக்கர் மூடியில் காஸ்கெட் போடுகிறார்கள். அது தேய்ந்தாலும், அதில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் பக்கவாட்டில் ஆவி சீறும். டைவ் கம்ப்யூட்டரின் பாட்டரி மூடியிலும் இத்தகைய மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது. அதன் பெயர் ஓ-ரிங். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1939இல் பெற்ற கண்டுபிடிப்பு அது. பள்ளத்தில் அமர்ந்து சற்றே நசுங்கியிருக்கும் அவ்வளையத்தை, வெளியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் இடுக்கை நோக்கி மேலும் நெருக்கித் தள்ளுகிறது. எனவே எதிரியின் பலத்தையே தன் பலமாக்கிக் கொள்கிறது.

அதன்மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூடியின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்டிமீட்டர். 30 மீட்டர் ஆழத்தில் நீரினால் மட்டும் வரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ. ஆகவே அந்தச் சிறு மூடியின்மேல் 21 கிலோ! ஓர் அரிசிச் சிப்பத்துக்குச் சற்றே குறைவு.

ஓ-ரிங் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத சான்று ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73ஆவது வினாடியில் சிதறியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை உட்பட எழுவர் மாண்டனர். குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங் ஒன்று தன் இடத்தை அடைக்கத் தவறியதே காரணம். விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபைன்மன் என்னும் இயற்பியல் அறிஞர், அந்த ரப்பர்த் துண்டை ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது விரைவில் பழைய வடிவத்துக்கு வராததை எல்லோர் கண்முன்னும் காட்டினார்.

மாற்றும் முறை

காலாண்டு விடுமுறையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கடலில் இறங்கி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. மேசையின்மேல் வெள்ளைத் துண்டை விரித்து, மின்விசிறியை நிறுத்தினார். "காத்துல தூசி பறக்கும்மா" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தார்.

முதலில் கருவியை நன்றாகக் கழுவி, முழுதும் உலர்த்த வேண்டும். பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மூடியில் உள்ள அடையாளத்தைப் பார்த்து, நாணயத்தாலோ அதற்கென உள்ள சாவியாலோ மெதுவாகத் திருப்பித் திறக்க வேண்டும். முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்கக் கூடாது. உள்ளே நீர் கசிந்திருந்தால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கலாம்.

பழைய செல்லை எடுக்கும்போது '+' அடையாளம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஓ-ரிங்கை விரலாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ நெம்பி எடுக்க வேண்டும். குண்டூசியும் கத்தியும் பள்ளத்தில் கீறலை உண்டாக்கும். நூல் பிரியாத துணியால் பள்ளத்தைத் துடைக்க வேண்டும். பஞ்சு கூடாது, அதன் இழை அங்கேயே தங்கிவிடும். பாட்டரி மாற்றும்போதெல்லாம் ஓ-ரிங்கும் புதிதாக இருக்க வேண்டும். கையேடு சொன்னால் மட்டும் அது சொல்லும் களிம்பை, வளையம் மினுமினுக்கும் அளவுக்கு மெல்லியதாகத் தடவலாம். களிம்பை அப்பினால் தூசியை அது இழுத்து வைத்துக்கொள்ளும்.

புதிய செல்லின் ஓரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். இரு முகங்களையும் விரலால் அழுத்திப் பிடித்தால் கையின் எண்ணெய்ப் பசை படியும். திரை விழித்துச் சோதனை முடிந்த பின் மூடியை வைத்து, அடையாளங்கள் நேராக வரும் வரை திருப்ப வேண்டும். அதற்குமேல் பலத்தைக் காட்டக் கூடாது.

மாமா என்னைப் பார்த்து, "வளையத்தை நீ போடேன்" என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. புதிய ஓ-ரிங்கைப் பள்ளத்தில் அமர்த்தினேன். மூடியைத் திருப்பினேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோதிச்சுப் பாத்துருவோமா?" என்று கேட்ட மாமா, கண்ணாடி டம்ளரில் கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரை எடுத்துக் கருவியை முக்கினார். வார்ப்பட்டையிலும் ஓரங்களிலும் ஒட்டியிருந்த குமிழிகளை ஆட்டி உதிர்த்தார். கருவியின் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும். எங்காவது வழி இருந்தால் குமிழியாக வெளியே வரும் என்று விளக்கினார். அவர் சொல்லி முடிப்பதற்குள், மூடியின் ஓர் இடத்திலிருந்து மட்டும் மணி கோத்தாற்போலச் சின்னஞ்சிறு குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

மாமா உடனே கருவியை வெளியே எடுத்தார். நீருக்குள்ளேயே ஆற விட்டிருந்தால், காற்று சுருங்கி நீரை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்தார். ஓ-ரிங்கின் குறுக்கே நீளமான ஒரு தலைமுடி கிடந்தது. அது என்னுடையதுதான். தலை குளித்துவிட்டுக் கூந்தலை விரித்துப் போட்டபடி குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. ஆனால் என் கை நடுங்கிற்று. அடுத்த வாரம் மாமா அந்தமானில் 25 மீட்டர் இறங்கப் போகிறவர். ஒரு முடியின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சிறிய இடைவெளி போதும், கடல் உள்ளே வர. என் கண் தானாகவே தாத்தாவின் காலுக்குப் போயிற்று. தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கொண்டை போட்டுட்டு உக்காரும்மா" என்றார்.

நான் எழுந்து போய்க் கூந்தலை முடிந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மாமா கையிருப்பிலிருந்து இன்னொரு வளையத்தை எடுத்து என்னிடமே நீட்டினார். அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் என்று கருதுகிறேன். இம்முறை வெளிச்சத்தில் நாற்புறமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டேன். மீண்டும் முக்கினோம். குமிழி வரவில்லை.

மாற்றிய பிறகு

வேலை இத்துடன் முடிந்துவிடவில்லை. நாள், நேரம், மீட்டர் கணக்கு, சுவாசிக்கும் கலவையில் ஆக்சிஜனின் சதவீதம், கடல் மட்டத்திலிருந்து உயரம் ஆகிய அமைப்புகள் பாட்டரி மாறும்போது மாறியிருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

டம்ளர் சோதனை பெரிய கசிவை மட்டுமே காட்டும்; ஆழத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. ஆகவே முதல் முக்குளிப்பில் 3 மீட்டரிலேயே நின்று, மூடியிலிருந்து குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாமா மேற்கொண்டு இறங்குவார். தனி ஆழமானியும் கடிகாரமும் அட்டவணையும் அவரிடம் எப்போதும் இருக்கும். கருவி நீரடியில் அணைந்துபோனால் பதறாமல் துணையாளரிடம் சைகை காட்டி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் 3 முதல் 5 நிமிடம் நின்று மேலே வந்துவிட வேண்டும். பிறகு 24 மணி நேரம் கடலில் இறங்கக் கூடாது.

நீர் உள்ளே புகுந்துவிட்டால் செல்லை உடனே எடுத்துவிட வேண்டும். உப்பு நீரும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பையும் அரித்துவிடும். பாட்டரி அறையை நல்ல தண்ணீரால் அலசி உலர்த்தி, பணிமனைக்கு அனுப்ப வேண்டும்.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே நாளில் பலமுறை முக்குளித்தவர்கள் 18 மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. கொடைக்கானல் போன்ற மலைக்கு உடனே போவதும் விமானத்தில் ஏறுவது போன்றதே.

பழைய செல்லை என்ன செய்வது?

கடலுக்கே போகாத வீடுகளுக்கும் இப்பகுதி பொருந்தும். பட்டன் செல் நம் கடிகாரத்திலும், எடை பார்க்கும் கருவியிலும், ரிமோட்டிலும், தம்பி தங்கையரின் விளையாட்டுச் சாமான்களிலும் இருக்கிறது. 'மிட்டாய் போல இருக்கிறதே' என்று குழந்தை அதை விழுங்கிவிட்டால், ஈரமான உணவுக்குழாயில் மின்சாரம் பாய்ந்து அவ்விடத்தில் காரத்தை உண்டாக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் புண்ணாக்கிவிடும். "சக்தி தீர்ந்துபோன செல்தானே" என்று இருக்கக் கூடாது. கடிகாரத்துக்குப் போதாத மின்சாரமும் சதையைச் சுட்டெரிக்கப் போதும். வாந்தி எடுக்க வைக்காமல், ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தீர்ந்த செல்லின் இரு முகங்களையும் ஒட்டுநாடாவால் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். நெருப்பில் போடக் கூடாது. ஆணியால் குத்தக் கூடாது. குப்பையிலும் கடலிலும் எறியக் கூடாது. பயன்படுத்திய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு அளிக்கும் விதிகளை இந்திய அரசு 2022இல் கொண்டுவந்துள்ளது. ஆகவே சேகரிப்பு மையத்தில் சேர்ப்பதே முறை.

முடிவுரை

தோழிகளே! நம்மில் பலர் கடலுக்குள் இறங்கப் போவதில்லை. ஆனால் ஒருவருடைய உயிர் நம் கையின் கவனத்தில் இருக்கும் வேளை நம் எல்லோருக்கும் வரும். குக்கர் மூடுவதாக இருக்கலாம். நோயாளிக்கு மருந்து அளந்து கொடுப்பதாக இருக்கலாம். அப்போது "சரியாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல், ஒருமுறை சோதித்துப் பார்ப்போம். தவறு தெரிந்தால் மறைக்காமல் திறந்து பார்த்துத் திருத்துவோம்.

அந்தமானிலிருந்து மாமா நலமாகத் திரும்பி வந்தார். வந்ததும் கருவியைக் கழற்றித் தாத்தாவிடம் கொடுத்தார். அதில் பதிவாகியிருந்த முக்குளிப்புகளைத் தாத்தாவுக்கு ஒவ்வொன்றாக நான் வாசித்துக் காட்டினேன். "25 மீட்டர்... 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றிருக்கிறார், தாத்தா" என்றேன். தாத்தா அதை வாங்கித் தன் மணிக்கட்டில் வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நல்ல தண்ணீரில் அலசி வைக்கும்படி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.